உப்புப் பூத்த சுவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

மஞ்சக்குப்பத்தில் டாக்டரைப் பார்த்தேன். பிரஷர் 146/92, எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 158. போன வருஷமே இரண்டும் பார்டர்தான்; 'பார்டர்தானே' என்று தள்ளிப்போட்டவன் நான். "தனித்தனியா பார்த்தா ரெண்டும் கொஞ்சம்தான் சார். ஒரே ஆள்கிட்ட சேர்ந்துட்டா பெருக்கல் கணக்கு" என்றார்.

ஆகஸ்ட் 5

மச்சான் போனில் சிரிக்கிறார். "ஒல்லிப்பிச்சான் உங்களுக்கு ஏது மாமா கொழுப்பு?"

ஆகஸ்ட் 7

முதுநகர் வீட்டில் கூடத்துச் சுவர் மறுபடி உப்பியிருக்கிறது. கடற்காற்று. வெளியே பெயின்ட் பளபள. விரலால் தட்டினால் பொத் பொத்தென்று சத்தம்.

ரத்தக்குழாயில் கொழுப்பு என்றால் தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பது மாதிரி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தச் சுவர்தான் சரியான உதாரணம். பிரஷர் மோதி மோதி உள்பூச்சு நோகிறது. எல்.டி.எல். அதற்கு அடியில் புகுந்து தங்கி, சுவரே உப்புகிறது. குழாய் முழுசாக அடைபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த உப்பல் வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் போதும். இதயத்தில் என்றால் அட்டாக், மூளையில் என்றால் பக்கவாதம். 40 முதல் 69 வயதுவரை பிரஷரின் மேல் அளவு 20 ஏறினால், இவற்றால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாம்.

ஆகஸ்ட் 8

அப்பாவுக்கு வலது கை விழுந்தது ஞாபகம் வந்தது. மூளையில் குழாய் வெடித்து ரத்தம் கசிந்தும் பக்கவாதம் வரும். அதில் பிரஷர்தான் முதல் குற்றவாளி. அப்பாவுக்கு அடைப்பா, கசிவா? அன்று யார் ஸ்கேன் எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறதே, இதில் எவ்வளவு என்று மனைவியிடம் கேட்டேன். "கணக்கு பாக்கறவங்க ரசம் ஊத்திக்குங்க" என்றாள். ஊற்றிக்கொண்டேன். அதிலும் உப்பு.

ஆகஸ்ட் 16

பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ராத்திரி ஒரு ஸ்டேட்டின். ஜப்பானின் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மருந்தின் வழி வந்த வகை. ஊறுகாயில் பூஞ்சை பூத்தால் ஜாடியோடு கொட்டுகிற வீடு இது! எல்.டி.எல். 39 குறைந்தால் அட்டாக், பக்கவாத ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறையுமாம். பிரஷரும் இறங்கினால் அந்தப் பெருக்கல் நம் பக்கம் திரும்பும்.

கொத்தனார் வந்தார். மேலே ஒரு கோட்டிங் அடித்தால் போதாதா என்றதற்குப் பதிலே சொல்லாமல், உப்பிய காரையைக் கொத்தித் தள்ளினார். கூலியைச் சொன்னதும் பிரஷர் அளந்தேன்: மேல் அளவு 152. ஐந்து நிமிஷம் வாய்பேசாமல் உட்கார்ந்து மறுபடி: 138/86.