பெயர் நம்முடையது, கடன் யாருடையதோ: ஜூன் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நம் ஆதாரை வைத்து வேறொருவர் பணம் எடுக்காமலும் கடன் வாங்காமலும் இருக்கச் சில குறிப்புகள். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் அதன்மேல் குறுக்கே எழுதிக் கொடுங்கள்: ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும், 3.6.2025’. போட்டோவின் விளிம்பில் தொடங்கி பெயரின்மேல் ஏறிப் போக வேண்டும். ஓரமாக எழுதினால் அதன்மேல் ஒரு துண்டு வெள்ளைத் தாளை வைத்து மறுநகல் எடுத்துவிடலாம். முழு எண் தேவையில்லாத இடத்துக்கு முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரே போதும். ஆதார் வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்தில் கிடைக்கும். பிரவுசிங் சென்டரில் இறக்கினால் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகே எழுந்திருங்கள்.

ஜூன் 5, வியாழன்

ஆதார் வழியாகப் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் போதும். ஓடிபி கிடையாது. பத்திர நகல்களில் ஆதார் எண்ணும் ரேகையும் சேர்ந்தே இருந்ததுதான் வினையாயிற்று: அதிலிருந்து போலி ரேகை செய்த வழக்குகள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் வந்தன.

யுஐடிஏஐ தளத்தில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, விழி அடையாளங்களை, பூட்டிவிடுங்கள். பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்; கார்டில் இருக்கும் இன்னொருவரும் ரேகை வைக்கலாம். இதற்காகத் திறந்தே போடுவது வேண்டாம்.

ஜூன் 6, வெள்ளி

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்று குறியுங்கள். 5 நிமிட வேலை.

ஜூன் 9, திங்கள்

மோசடியில் பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, வங்கி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் நிறுத்திவைக்கத்தான் இந்த எண். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார். 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். அதன்பின் போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் நேரம் பதிந்த மின்னஞ்சல் வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

ஜூன் 12, வியாழன்

வாங்காத கடன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகியவை நம் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள். நான்கும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் மதிப்பெண்ணான ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். முகவரி, போன் எண் பகுதியைப் படியுங்கள்: நீங்கள் குடியிருக்காத ஊர் அங்கேதான் முதலில் தலைகாட்டும். அடுத்து, யார் யார் உங்கள் விவரம் கேட்டார்கள் என்ற பட்டியல்.

ஒரு எச்சரிக்கை. அறிக்கையில் கடன் செயலியின் பெயர் இருக்காது; பின்னால் நின்று கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் சொந்தக் கடனையே போலி என்று புகார் செய்துவிடாதீர்கள்.

போலிதான் என்றால் 3,000 ரூபாயாக இருந்தாலும் ‘தொலையட்டும்’ என்று கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். நிறுவனத்திடம் விண்ணப்பம், கேஒய்சி எனப்படும் அடையாள ஆவணங்களின் நகல், செல்ஃபி, போன் எண் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: பணம் எந்தக் கணக்கில் விழுந்தது? 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி டிஜிட்டல் கடன் பொதுவாக, வாங்கியவரின் கணக்குக்கே போக வேண்டும். உங்கள் கணக்குக்கு வரவில்லை என்றால் ஒன்று, உங்கள் பெயரில் திருட்டு வங்கிக் கணக்கும் இருக்கிறது. அல்லது நிறுவனமே விதியை மீறியிருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் விடாதீர்கள்.

ஜூன் 13, வெள்ளி

சைபர் கிரைம் தளத்தில் புகார் எண் வாங்குங்கள். அடையாளத் திருட்டுக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவைக் குறிப்பிடுங்கள். அதை இணைத்து நிறுவனத்துக்கும் சிபில் முதலானவற்றுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். திருத்தத்தை 30 நாளில் முடிக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. நிறுவனம் 30 நாள் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. திருத்தம் வந்ததும் நான்கு அறிக்கையையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் நீங்கியது இன்னொன்றில் அப்படியே இருக்கக்கூடும்.