ஸ்கிட் ஸ்டீயரில் மல்ச்சர் பூட்டியது: ரிட்டர்ன் லைனும் கேஸ் டிரைனும்

சீமைக் கருவேலம் அழிக்கிற ஃபிளெய்ல் மல்ச்சர் (சுழலும் ரோட்டரால் மரத்தை அடித்துத் தூளாக்கும் கருவி) ஒன்றை, ஆக்ஸிலரி லைன் (முன்னால் மாட்டும் கருவிக்கு எண்ணெய் போய்வரும் ஹோஸ்) இரண்டே இரண்டு உள்ள பழைய ஸ்கிட் ஸ்டீயரில் (சின்ன லோடர் வண்டி) பூட்டிய வேலை இது. வண்டி 50 குதிரைத் திறன் ரகம். கியர் பம்ப் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 65 லிட்டர் தரும். மெயின் ரிலீஃப், அதாவது பிரஷர் எல்லை மீறினால் திறந்துவிடும் வால்வ், 207 பார். மல்ச்சரில் இருப்பது 45 சிசி பிஸ்டன் மோட்டார். அங்கிருந்து பெல்ட்டில் ரோட்டருக்கு 1.6 மடங்கு வேகம். 65,000-ஐ 45-ஆல் வகுத்தால் மோட்டார் 1,444 ஆர்.பி.எம்., ரோட்டர் ஏறக்குறைய 2,300. கசிவு போனால் லோடில் 2,000-ஐ ஒட்டி இருக்கும். காகிதத்தில் ஜோடி சரி.

ஆனால் மோட்டார் கேஸ் டிரைன் கேட்கிறது, அதாவது உறைக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குக் கொண்டுபோகும் தனி லைன். வண்டியில் அது இல்லை. ரிட்டர்ன் எண்ணெய் அரை இன்ச் ஹோஸில் வந்து, ஆக்ஸிலரி ஸ்பூலுக்குள் (லீவர் நகர்த்தும் வால்வ்) நுழைந்து, பிறகுதான் டேங்குக்குப் போகிறது. லீவரை நியூட்ரலில் போட்டால் ஸ்பூல் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். சிலிண்டருக்கு அது சரி, சுற்றிக்கொண்டிருக்கும் கனமான ரோட்டருக்குச் சரியில்லை. மோட்டாருக்கு எண்ணெய் அனுப்புவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. திரும்பி வரும் பாதையில்தான் சீல் போகிறது, எண்ணெய் கொதிக்கிறது, காசு கரைகிறது.

ரிட்டர்னை நேராக டேங்குக்கு இழுக்கும் முன் ஹைட்ராலிக் டயக்ராமைப் பார்த்தே ஆக வேண்டும். சில பழைய மாடல்களில் கண்ட்ரோல் வால்விலிருந்து திரும்பும் எண்ணெய்தான் வண்டியை நகர்த்தும் டிரைவ் பம்புகளுக்குச் சார்ஜ் பிரஷர் (எண்ணெய் வற்றாமல் ஊட்டும் பிரஷர்) கொடுக்கிறது. அதை டேங்குக்குத் திருப்பிவிட்டால் மல்ச்சர் ஜோராகச் சுற்றும், வண்டி நகராது. அப்படியே ஓட்டினால் டிரைவ் பம்பும் கெடும். இந்த வண்டியில் சார்ஜுக்குத் தனிப் பம்ப் இருந்ததால்தான் இந்த வழி.

முதலில் ஹோஸ் அளவு. 65 லிட்டர் அரை இன்ச் ஹோஸில் போனால் வேகம் நொடிக்கு 8.5 மீட்டர். முக்கால் இன்ச்சில் 3.8, ஒரு இன்ச்சில் 2.1. ரிட்டர்னுக்கு 3 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஆகவே ஒரு இன்ச் ஹோஸ், முக்கால் இன்ச் பிளாட் ஃபேஸ் கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு). கேஸ் டிரைனுக்கு அரை இன்ச் ஹோஸ், 3/8 கப்ளர். பிரஷர் பக்கம் பழைய அரை இன்ச் கப்ளரே. மூன்றும் மூன்று அளவு என்பது வேண்டுமென்றே செய்தது: யார் மாட்டினாலும் மாற்றி மாட்ட முடியாது. பழைய ரிட்டர்ன் கப்ளரும் கழற்றாமல் இருக்கிறது. ஆகர் (குழி தோண்டுவது), கிராப்பிள் (கவ்வித் தூக்குவது) மாட்டும்போது அது வேண்டும். மல்ச்சர் ஓடும்போது லீவர் எதிர்ப்பக்கம் போகாதபடி ஒரு ஸ்டாப்பர்.

டேங்கில் வெல்டிங் வைக்கவில்லை. மேலே இருக்கும் கிளீனிங் கவரைக் கழற்றி, அதில் ஒரு இன்ச் பி.எஸ்.பி. (ஒரு மரை வகை) சாக்கெட் ஒன்றும் அரை இன்ச் ஒன்றும் வெல்டு செய்து, பிசிறு போகக் கழுவி, புது கேஸ்கெட்டோடு மாட்டினால் போதும். இரண்டுக்கும் உள்ளே டிப் பைப் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே வரை போக வேண்டும், சக்‌ஷன் வாயிலிருந்து தள்ளி. மேலிருந்து கொட்டவிட்டால் நுரை வரும், அந்த நுரையைப் பம்ப் குடிக்கும்.

கேஸ் டிரைனை ரிட்டர்ன் லைனில் டீ போட்டுச் சேர்த்துவிடலாமே, இரண்டும் டேங்குக்குத்தானே போகிறது என்று எந்தப் பட்டறையிலும் ஒருவர் சொல்வார். கூடாது. ரிட்டர்னில் பிரஷர் துள்ளும்போதெல்லாம் அது மோட்டார் உறைக்குள் போய் ஷாஃப்ட் சீலில் நிற்கும். உறைப் பிரஷர் 2 பாருக்குள் இருந்தால் நிம்மதி. இங்கே சூடானபின் 0.6, காலையில் குளிர்ந்த எண்ணெயில் 1.8 பார். டிரைன் துளை மோட்டாரின் மேல்பக்கம் பார்த்து இருக்கட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அதன் வழியாக உறை நிறையப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். காய்ந்த உறையோடு ஓட்டினால் பேரிங்குக்கு ஆகாது. மாட்டும்போது டிரைன் முதலில், கழற்றும்போது கடைசியில்.

அடுத்து, ரோட்டர் நிற்கும் விஷயம். லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் ரோட்டரின் வேகம் மோட்டாரைப் பம்பாக்கிவிடும். உள்ளே வர எண்ணெய் இல்லாமல் கேவிட்டேஷன் (எண்ணெயில் குமிழ் உண்டாகி உடைவது), கரகரவென்ற சத்தம். தீர்வு எளிது: மோட்டார் பக்கத்திலேயே ரிட்டர்னிலிருந்து பிரஷர் லைனுக்குத் திறக்கும் ஒரு செக் வால்வ் (ஒரு திசையில் மட்டும் எண்ணெய் விடுவது). முக்கால் இன்ச், 0.5 பாரில் திறப்பது, 250 பாருக்கு மேல் தாங்குவது. வெளியே வரும் எண்ணெயே திரும்ப உள்ளே சுழலும், ரோட்டர் தானாக ஓய்ந்து நிற்கும். ஆனால் அந்தச் சுழற்சியிலும் கேஸ் டிரைன் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். அதை ஈடுகட்ட டேங்கிலிருந்து எண்ணெய் ஏறி வர வேண்டும். நடுவில் ஃபில்டர் இருந்தால் அது மறித்துவிடலாம். அதனால் ஃபில்டரையும் கூலரையும் சுற்றி, எதிர்த் திசையில் திறக்கும் இன்னொரு செக் வால்வ். டிப் பைப் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிட்டர்ன் லைனில் வரிசை இப்படி: கப்ளர், 10 மைக்ரான் ஃபில்டர், கூலர், டேங்க். ஃபில்டர் முதலில் இருப்பதற்குக் காரணம், மோட்டார் உடைந்தால் இரும்புத் துகள் கூலருக்குள் போய்விட்டால் அதைக் கழுவி எடுக்கவே முடியாது. கூலர் 6 கிலோவாட் ரகம், 12 வோல்ட் ஃபேன், ரிலே வழியாக, 55 டிகிரியில் போடும் தெர்மோ ஸ்விட்ச். குளிர்ந்த எண்ணெய்க்காகக் கூலரைத் தாண்டி 2 பாரில் திறக்கும் பைபாஸ். கூலருக்கு முன் கொசுவலைக் கம்பி கட்டாயம். கருவேலத் தூசி மதியத்துக்குள் ஃபின்னை அடைத்துவிடும்.

கூலர் எதற்கு என்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மல்ச்சர் அடிமரத்தில் சிக்கி ரிலீஃப் திறந்தால் 207 பார் பெருக்கல் 65 லிட்டர், வகுத்தல் 600, 22 கிலோவாட்டுக்கு மேல், அத்தனையும் சூடு. 40 லிட்டர் எண்ணெய் நிமிடத்துக்குச் சுமார் 20 டிகிரி ஏறும். ரிலீஃப் கீச்சென்றதும் ஆர்மைப் பின்னுக்கு இழுக்கிற பழக்கத்தை எந்தக் கூலரும் ஈடு செய்யாது. ரிலீஃப் ஸ்க்ரூவை இன்னும் முறுக்குவது அதைவிட மோசம்.

ஃபிட்டிங் விஷயத்தில் இரண்டு பொறி. ஜே.ஐ.சி., எம், பி.எஸ்.பி., என்.பி.டி. எல்லாம் வெவ்வேறு மரை வகைகள். 7/8 ஜே.ஐ.சி. நட்டும் எம்22, 1.5 பிட்ச் ஆணும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓரிரு சுற்று ஏறும், அப்புறம் மரை போகும். அரை இன்ச் பி.எஸ்.பி.யும் என்.பி.டி.யும் இரண்டுமே இன்ச்சுக்கு 14 மரை. ஏறும், இறுகும், பிறகு வியர்க்கும். வெர்னியரும் பிட்ச் கேஜும் இல்லாமல் கடைக்குப் போகவே வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். நூல் பிய்ந்து வால்வுக்குள் போகும். டவ்டி வாஷர் (உள்ளே ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) போட்டால் போதும்.

பிரஷர் ஹோஸ் 2 எஸ்.என். (இரண்டு அடுக்குக் கம்பி ரகம்), அரை இன்ச், 275 பார், குறைந்தபட்ச வளைவு 180 மி.மீ. மல்ச்சர் பக்கத்து ரிட்டர்ன் ஹோஸும் முழு பிரஷர் தாங்கும் ரகமே. ரிட்டர்ன் கப்ளர் பாதி மட்டும் மாட்டியிருந்தால் ரிலீஃப் பிரஷர் முழுவதும் அந்த ஹோஸில்தான் நிற்கும். ஒரு இன்ச்சில் 2 எஸ்.என். 165 பார்தான் தாங்கும், ஆகவே அந்தத் துண்டுக்கு மட்டும் நாலு அடுக்குக் கம்பி ஹோஸ். நீளத்தை ஆர்ம் முழுக்கத் தூக்கி, முழுக்க இறக்கி, முன்னும் பின்னும் சாய்த்து அளந்த பிறகே பிரஸ் பண்ணக் கொடுத்தது. ஆர்ம் தூக்கியிருக்கும்போது லாக் போடாமல் அடியில் கை வைக்கக் கூடாது. கசிவைத் தேட அட்டை போதும், கை வேண்டாம். ஊசித் துளையில் வரும் எண்ணெய் தோலுக்குள் ஏறிவிடும்.

சோதனைக்கு ஃப்ளோ மீட்டர் இல்லை. மோட்டாரே மீட்டர்: ஒளி டாக்கோமீட்டரில் மோட்டார் புல்லியைப் படித்து 45-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். சும்மா ஓடும்போது 1,390, அதாவது 62.5 லிட்டர். எண்ணெய் 70 டிகிரி, 150 பார் லோடில் 1,230, அதாவது 55 லிட்டர். பேக் பிரஷர், அதாவது ரிட்டர்ன் பாதை கொடுக்கும் எதிர்ப்பு, பழைய பாதையில் 18 பார், புதியதில் 4. அந்த 14 பார் கிட்டத்தட்ட 2 குதிரைத் திறன். ரிட்டர்னில் கேஜ் மாட்டும்போது முதலில் 250 பார் கேஜ், எல்லாம் சரியென்று தெரிந்தபின் 40 பார் கேஜ். தொடர்ந்து அடித்தபோது டேங்க் 72 டிகிரியில் நிலைத்தது.

கேஸ் டிரைனை லோடில் ஒரு நிமிடம் வாளியில் பிடித்ததில் 0.8 லிட்டர். இந்த அளவை டேங்க் மேல் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறது. மோட்டார் தேய்வதை முதலில் காட்டுவது இதுதான். பாக்கி இருப்பது ரிட்டர்ன் கப்ளருக்கு முன் 15 பார் பிரஷர் ஸ்விட்ச்சும் கேபினில் ஒரு பஸ்ஸரும். பாதி மாட்டிய கப்ளரை டிரைவர் சீட்டிலிருந்து கண்டுபிடிக்க வேறு வழியில்லை.