பத்தினி சந்நிதியில் கண்டி அரசை நினைத்து

கண்டிக்குச் சென்றால் கட்டுக்கலை செல்வ விநாயகரை வணங்கிய பின்பே, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைப் பக்கம் போவது எங்கள் குடும்ப வழக்கம். மாளிகைக்கு எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் அருகருகே இருக்கின்றன. கண்ணகித் தாயையே சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். புதன், சனிக்கிழமைகளில் நடைபெறும் விசேட பூசைக்குத் தமிழரும் பூத்தட்டுடன் வருகிறார்கள்.

முடிசூடும் கண்டி மன்னர்கள் நாத தேவாலயத்தில்தான் தங்கள் அரச நாமத்தைப் பெற்றார்கள். 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயரை முறியடித்து, 1803இல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படையை மகாவலிக் கரையில் அழித்த அந்த அரசு, பன்னிரண்டே ஆண்டுகளில் அதே ஆங்கிலேயரிடம் ஏறக்குறையப் போரின்றியே வீழ்ந்தது ஏன் என்ற கேள்வி, அந்தச் சந்நிதியில் நின்றபோது என்னை விடவில்லை.

ஒரு காரணம் உப்பு. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. உப்புக்கும் கருவாட்டுக்கும்கூட மலைநாடு பிறர் தயவை எதிர்பார்க்க நேர்ந்தது. 1796இல் அந்தக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, கடலையும் வணிகத்தையும் தன்வசம் வைத்து நாளுக்கு நாள் வலுத்துவரும் ஒரு வல்லரசு கண்டிக்கு அண்டை நாடாயிற்று. ஆனாலும் காடும் கணவாயும் காய்ச்சலும் இன்னும் கண்டிக்குக் காவலாகவே இருந்தன என்பதால், உப்பை மட்டும் காரணமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனதே பெரிய காரணம். 1798இல் கண்ணுசாமி என்ற நாயக்கர் குல இளைஞனை, தன் சொற்படி நடப்பான் என்று எண்ணி அரியணையில் ஏற்றிய பிலிமத்தலாவ என்ற அதிகாரம் (முதன்மை அமைச்சர்), பின்னர் அந்த அரசனாலேயே மரண தண்டனை பெற்றார். அந்தப் பதவிக்கு அடுத்து வந்த எஹலப்பொல, 1814இல் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தபோது, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவருடைய பிள்ளைகளைச் சிரச்சேதம் செய்வித்து, மனைவியைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்துவித்தான். அண்ணன் அஞ்சி நிற்க, தம்பி மத்தும பண்டார முன்வந்து தலை கொடுத்ததாக இன்றும் சொல்கிறார்கள். அநீதி இழைத்த பாண்டியனிடம் நியாயம் கேட்ட தாயின் சந்நிதியில் அந்தக் குழந்தைகளை நினைத்தபோது, வாயில் இருந்த தோத்திரம் தொடராமல் அழுதேன். அரசன் எங்கள் மொழி பேசியவன் என்பதற்காக இந்தப் பழியைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஒற்றர்களை வைத்துப் பிரதானிகளின் மனக்கசப்பை முன்பே அறிந்திருந்தார் ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி. 1815 ஜனவரியில் ஆளுநர் பிரவுன்றிக் போர் அறிவித்தபோது எஹலப்பொலவுக்குப் பின் அதிகாரமாக இருந்த மொல்லிகொடவும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். கணவாய்களைக் காக்கவேண்டியவர்களே விலகி நின்றார்கள். பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் அரச சபை மண்டபமான மகுல் மடுவவில், கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மரத்தூண்களின் செதுக்கு வேலையை அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலூருக்கு அனுப்பப்பட்ட அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். அரியணை தனக்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த எஹலப்பொலவையும் ஆங்கிலேயர் மொரிசியசுக்கு நாடுகடத்தினர். 1829இல் அங்கே அவர் உயிர் பிரிந்தது. கடைசியாகக் கண்டியிலேயே உள்ள கதிர்காம தேவாலயத்தில் கந்தனிடம் அந்த இருவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். பிள்ளைகளுக்காக ஒரு விளக்குத் தனியாக ஏற்றினேன்.