தொழில் அறம், சட்டப் பொறுப்பு: லேண்ட்ஸ்கேப் மாணவர்கள் இந்தத் தாளை எப்படிப் படிக்கலாம்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், அதாவது பூங்கா, தோட்டம் போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கும் துறை, படிக்கும் பிள்ளைகள் பலரும் டிசைன் ஸ்டுடியோவுக்கு ராப்பகலாக உழைக்கிறார்கள். தொழில் அறமும் சட்டமும் வரும் தாளை மட்டும் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். நீங்கள் நாளைக்குக் கையெழுத்துப் போடப்போகும் ஒவ்வொரு வரைபடமும் இந்தத் தாளில்தான் வந்து நிற்கும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். படித்தது சென்னையில், வேலை பார்ப்பது ஓசூரில். சட்டங்களை வரிசையாகப் படித்தால் எனக்கு மனதில் நிற்காது. அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் எங்கள் பக்கத்து நிலம் ஒன்றோடு சேர்த்தே படித்தேன். எனக்குக் கைகொடுத்தது இந்த முறைதான். உங்களுக்கும் கைகொடுக்கும்.

முதலில் அடிப்படை. 1972-ம் ஆண்டு கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின் 37-வது பிரிவை அதன் விலக்கோடு சேர்த்துப் படியுங்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ என்று அழைக்கப்படுபவருக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. இந்த விலக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தப் பிரிவு பட்டப்பெயரைத்தான் காக்கிறது, தொழில் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் 1989-ம் ஆண்டு தொழில் நடத்தை விதிமுறைகள். அவை சில பக்கங்கள்தான், நேராக மூலத்தையே வாசித்துவிடுங்கள். கைடு புத்தகச் சுருக்கம் வேண்டாம்.

இனி நிலத்துக்கு வருவோம். மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர், அதில் பண்ணை வீடும் ஒரு செயற்கைக் குளமும் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் அன்றாடம் வரும் வேலை இது. நிலத்தின் நடுவே ஒரு பள்ளம் போகும். வருஷத்தில் பாதி நாள் வறண்டு, உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும். “அது சும்மா பள்ளம் சார், மூடிடலாம்” என்பார் நிலத்துக்காரர். எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் இரண்டு கோடுகளாக நிலத்தை வெட்டிக்கொண்டு போகும். கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே ‘ஓடை’ என்று இருக்கும். இரண்டையுமே அரசின் இணைய சேவையில் பார்க்கலாம். அதை மூடிக் குளம் வரைந்து கொடுப்பவர் அரசு புறம்போக்கின் மேல் வரைந்து கொடுக்கிறார். பட்டா நிலத்தை மட்டும் பார்த்தேன் என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியாது. அதைப் பார்ப்பதுதான் நம் வேலை.

இந்த இடத்தில் எழுத வேண்டிய தீர்ப்பு, எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் வந்தது. மணாலி அருகே ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டிருந்தார்கள். ஆறு, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் அதில் நிலைநாட்டியது. தீர்ப்பை எழுதிவிட்டு ஊத்தங்கரைக்கு வாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அங்கே ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் போக வழி விட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் வயல் வரப்பில்கூட நடுகல் நிற்கும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே பல நடுகற்களைப் பார்க்கலாம். ரிசார்ட் வாசலில் அழகுக்கு ஒன்றை நட்டு வைக்கலாமே என்று யாராவது கேட்டால், அழகாக இருக்குமா என்ற பேச்சுக்கே போகாதீர்கள். நூறு ஆண்டு கடந்த சிற்பம் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. மண் வேலையின்போது புதைந்திருந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கல்லுக்கு இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. தேர்வில் அந்தக் குடும்பங்களையும் எழுதுங்கள், அறம் என்ற பகுதி அங்கேதான் இருக்கிறது.

நம் வேலையால் பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புதான் கவனக் கடமை. அதற்கு நான் வைத்துக்கொண்ட உதாரணம் அரளி. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அது சரியான செடி: வெயில் தாங்கும், ஆடு மாடு கடிக்காது. அதே செடியை அங்கன்வாடி முற்றத்தில் வைத்தால், இலை முதல் வேர் வரை விஷம் என்று தெரிந்திருக்க வேண்டியவர் நாம்தான். இதையே குளத்தின் ஆழத்துக்கும், தாங்கு சுவருக்கும், ஊஞ்சலுக்குக் கீழே போடும் தரைக்கும் வைத்துப் பாருங்கள்.

சட்டம் தடுக்காத இடங்களும் உண்டு. தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த ஊரில் போர்வெல் தண்ணீரை நம்பிப் பெரிய புல்வெளி வரைந்தால் உங்கள் மேல் வழக்கு வராது. ஆனாலும் வரையக் கூடாது என்பதே என் கருத்து. தொழில் நடத்தை விதிமுறைகளே சுற்றுச்சூழலின் தரத்துக்கும் சமூகத்தின் எதிர்கால நலனுக்கும் நமக்குப் பொறுப்பு உண்டு என்கின்றன.

நர்சரிக் கமிஷனைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். வேலை பிடித்துத் தருவதற்குக் கமிஷனோ பரிசோ கொடுப்பதையும் வாங்குவதையும் அதே விதிமுறைகள் தடுக்கின்றன. “பில்லுல பத்து சதம் உங்களுக்கு” என்று நர்சரிக்காரர் சொல்லும்போது, அந்தப் பத்து சதம் வாடிக்கையாளரின் பணம். உங்கள் கட்டணத்தை முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சு பெரும்பாலும் எழாது. பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) 1957-ம் ஆண்டு சட்டமும், தில்லியில் இடிக்கப்பட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கட்டடம் பற்றிய 2019-ம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பும் போதும்.

தேர்வு அறையில் 2 மதிப்பெண் கேள்விகளுக்கு ஆண்டும் பிரிவும் போதும், கதை வேண்டாம். 15 மதிப்பெண்ணில் ஒரு சூழலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எடுத்த உடனே சட்டத்தின் பெயரை எழுதாதீர்கள். யாருக்குப் பாதிப்பு என்று தொடங்குங்கள். கீழ்மடை விவசாயி, பக்கத்து வீடு, பூங்காவுக்கு வரும் குழந்தை என்று ஆளைக் காட்டுங்கள். பிறகு எந்த ஆவணத்தைப் பார்ப்பீர்கள், எந்தச் சட்டம் பொருந்தும் என்று போங்கள். கடைசியில் வாடிக்கையாளருக்கு என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்பதை நான்கு வரிக் கடிதமாகவே எழுதிவிடுங்கள்: ஓடை இருக்கிறது, அதை மூடும் வரைபடம் தர முடியாது, ஓடையை விட்டுவிட்டு இப்படி ஒரு மாற்று வரைபடம் இருக்கிறது, உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். கடிதத்துக்குத் தேதி போட மறக்காதீர்கள்.