பிளாக் மவுண்டன் கல்லூரி: படித்துக்கொண்டே எழுதியவை

ஜூன் 3

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 1933இல் தொடங்கி 1957இல் மூடப்பட்ட ஒரு சின்னக் கல்லூரி. அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள் மொத்தமே ஏறத்தாழ 1,200 பேர்தான். அங்கீகாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. மதிப்பெண்ணை மாணவரிடம் சொல்லும் வழக்கமே இல்லை. கல்லூரியை நடத்தியவர்கள் ஆசிரியர்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு. பாடம் போக வயல் வேலை, அடுப்படி வேலை, விறகு வெட்டு எல்லாம் பங்குபோட்டுச் செய்திருக்கிறார்கள். 1941இல் ஈடன் ஏரிக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே எழுந்த வகுப்புக் கட்டடத்தில் பெரும்பகுதி அவர்களே கட்டியது.

ஜூன் 5

இந்தக் கல்லூரியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முதலில் ஒரு பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். ஓவியர் ராபர்ட் ரோஷன்பர்க் இங்கே படித்தார், சை டுவாம்ப்ளி படித்தார், திரைப்பட இயக்குநர் ஆர்தர் பென் படித்தார் என்று. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கல்லூரியை எடைபோட, பேர் வாங்கியவர்களைவிட, வேறெங்கும் இடம் கிடைக்காத எத்தனை பேரை அது உள்ளே விட்டது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

1944 கோடையில் ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இங்கே இசைப் பயிற்சிக்கு வந்தார். தென் மாநிலங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் சட்டப்படியே தனித்தனிப் பள்ளி, தனித்தனிக் கல்லூரி இருந்த காலம். அந்தப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். அதற்குப் பத்து ஆண்டு முன்பே இங்கே கதவு திறந்துவிட்டது. அதுவும் சுலபமாக நடக்கவில்லை. ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்களோ என்ற பயம் சிலருக்கு. பயந்தபடியேதான் செய்திருக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

ஜூன் 6

இன்னொன்று. 1946 கோடையில் ஓவியர் ஜேக்கப் லாரன்சும் மனைவி குவெண்டலினும் வந்தார்கள். ரயிலில் நிறம் பார்த்து இடம் மாற்றி உட்காரவைக்கும் அவமானம் அவர்களுக்கு நேரக் கூடாது என்று ஓவிய ஆசிரியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் தனிப்பெட்டியே ஏற்பாடு செய்தாராம். நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வந்தவர் அவர். ஒதுக்கப்படுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 9

இன்று முழுக்க இங்கே படித்த சிற்பி ரூத் அசாவா. கலிஃபோர்னியாவில் காய்கறி பயிரிட்ட ஜப்பானியக் குடும்பத்துப் பெண். ஜப்பானோடு போர் நடந்ததால் ஜப்பானிய வம்சத்தாரைப் பிடித்து அடைத்த காலம். 1942இல், அவருக்குப் பதினாறு வயதில், அப்பாவைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். குடும்பத்தில் மற்றவர்களை சாண்டா அனிதா குதிரைப்பந்தயத் திடலின் லாயத்தில் தங்கவைத்தார்கள். அப்புறம் ஆர்கன்சாவில் ரோவர் என்ற தடுப்பு முகாம். முகாமிலிருந்து வெளியே வந்து ஆசிரியர் ஆவதற்காக ஒரு கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்க, ஏதாவது ஒரு பள்ளியில் பாடம் நடத்திப் பயிற்சி எடுக்க வேண்டும். ஜப்பானிய வம்சம் என்பதால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுப் படிப்பு அந்தரத்தில் நின்றது.

1946இல் பிளாக் மவுண்டன் வந்தார். இங்கே யாரும் வம்சம் கேட்கவில்லை. சலவைக்கூடத்திலும் வேலை பார்த்தார். துணி மாறிப் போகாமல் இருக்க, கல்லூரிப் பெயரின் முதலெழுத்துகளான பி.எம்.சி. பொறித்த ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று அங்கே இருந்தது. அதையே எடுத்து மையில் தொட்டுத் தொட்டுத் தாள் முழுக்க வரிசையாகக் குத்தியிருக்கிறார். எழுத்து எழுத்தாகத் தெரியாமல் அலை அலையாக வளைந்து போகிறது. கையில் கிடைத்த பொருளை உற்றுப் பார், அதனால் என்னவெல்லாம் முடியும் என்று கண்டுபிடி: ஆல்பர்ஸ் வகுப்பின் சாரமே அதுதான்.

1947இல் மெக்சிகோவின் டொலூக்காவில் முட்டை வைக்கும் கம்பிக்கூடை பின்னுவதைக் கற்றுக்கொண்டார். கூரையிலிருந்து தொங்கும் அவருடைய புகழ்பெற்ற கம்பிச் சிற்பங்களுக்கெல்லாம் மூலம் அந்தப் பின்னல்தான்.

ஜூன் 12

1949இல் ஆல்பர்ஸ் தம்பதி விலகினார்கள். அதற்குப் பிறகு கவிஞர் சார்லஸ் ஓல்சன் காலம். பணமும் இல்லை, மாணவர்களும் குறைந்தார்கள். கடைசியில் நிலத்தையும் விற்று 1957இல் மூடினார்கள். அந்த இடம் சிறுவர்களுக்கான கோடை விடுமுறை முகாமாயிற்று. இந்தக் கடைசிப் பகுதியை வேகமாகத்தான் கடந்தேன். படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 14

அசாவாவின் பிற்காலத்தைத் தேடினேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் குடியேறி, ஆறு பிள்ளைகளை வளர்த்தபடி சிற்பமும் செய்தார். 1968இல் ஆல்வரேடோ என்ற அரசுப் பள்ளியில் மற்ற பெற்றோருடன் சேர்ந்து கலைப் பட்டறை தொடங்கினார். காலி பால் பெட்டி, உப்புப் போட்டுப் பிசைந்த மாவு, இவைதான் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொருள்கள். வகுப்பறைக்குள் நின்று கற்பிக்கத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் செய்த வேலை இது. அவர் முயற்சியால் 1982இல் அந்த நகரில் கலைக்கென்றே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியும் வந்தது. 2010இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2020இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய கம்பிச் சிற்பங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அவர் 2013இலேயே காலமாகிவிட்டார், பார்க்கவில்லை.

அடுத்து ஆல்வரேடோ பட்டறையைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன்.