காலிக் குப்பிக்கும் ஓர் எண் உண்டு

தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், எந்தக் கருவியில் பரிசோதிப்பீர்கள் என்றுதான் பெரும்பாலானவர்கள் அடுத்துக் கேட்கிறார்கள். கருவியின் பெயரைச் சொன்னதும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் தண்ணீரை ஊற்றினால் மறுபக்கம் ஈயம் இவ்வளவு, ஆர்செனிக் இவ்வளவு என்று தாள் வந்து விழும் என்பது அவர்களுடைய எண்ணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. அதைக் கலைத்தது ஒரு காலிக் குப்பி.

அன்று ஆற்று நீர் மாதிரிகள் பன்னிரண்டில் துத்தநாகத்தை அளந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டிலும் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆற்றின் மேற்பகுதியில் எடுத்த நீருக்கும் ஆலையைத் தாண்டி எடுத்த நீருக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆறு முழுவதுமே மாசடைந்திருக்கிறது என்று மனத்துக்குள் முடிவுகட்டி, அறிக்கையின் முதல் வாக்கியத்தையும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மூத்த சக பணியாளர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “பிளாங்க் என்ன காட்டுகிறது?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். ஆற்றின் பக்கமே போகாத, தூய நீர் மட்டும் நிரப்பிய அந்தக் குப்பியிலும் ஏறக்குறைய அதே அளவு துத்தநாகம் இருந்தது. அமிலத்தை மாற்றிப் பார்த்தோம், குப்பிகளை மாற்றிப் பார்த்தோம். இரண்டு நாள் தேடிய பிறகு, நான் போட்டிருந்த பவுடர் பூசிய கையுறைதான் காரணம் என்று தெரிந்தது. ஆற்றில் துத்தநாகம் இருந்ததோ இல்லையோ, நான் அளந்தது என் கையுறையை.

பிளாங்க் என்று நாங்கள் சொல்வதைத் தமிழில் வெற்று மாதிரி எனலாம். மாதிரிக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையையும் தூய நீருக்கும் செய்வோம். அதே குப்பி, அதே அமிலம், அதே வடிதாள், அதே கை. முடிவில் அதில் தென்படும் எண் சுற்றுச்சூழலுடையது அல்ல, நம்முடையது. பகுப்பாய்வு வேதியியலைச் சுற்றுச்சூழல் சோதனைக்குப் பயன்படுத்துவது என்றால், அளந்த மாசில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது, எவ்வளவு நாமே போட்டது என்று பிரித்தறிவதே அதில் பெரும்பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

இவ்வளவு கவனம் ஏன் என்பதற்கு அளவின் நுண்மையைச் சொன்னால்தான் புரியும். குடிநீரில் ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அந்தக் குளம் முழுவதும் இந்த அளவை எட்ட 25 கிராம் ஈயம் போதும். பீஃபாஸ் எனப்படும் புளோரின் சேர்மங்களின் கதை இன்னும் நுணுக்கமானது. அவற்றுள் இரண்டுக்கு அமெரிக்கா 2024இல் குடிநீருக்கென விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதே குளத்துக்குக் கணக்கிட்டால் 10 மில்லிகிராம்தான் வருகிறது. இந்த அளவில் உலகமே அழுக்கு. சட்டைத்துணி, கூரையிலிருந்து உதிரும் தூசு, குப்பி மூடியின் உள்பூச்சு எல்லாமே மாசின் ஊற்றுகள்.

இதை யாரையும்விடத் தெளிவாகக் கண்டவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். அவர் ஈயத்தைத் தேடி வந்தவர் அல்லர். பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயதைக் கணிக்க வந்தவர். அளவீடுகள் தாறுமாறாக வந்தன. ஆய்வகத்தின் காற்றிலும் நீரிலும் வேதிப்பொருள்களிலும் தம் தலைமுடியிலும்கூட ஈயம் இருப்பதை அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, காற்றை வடிகட்டி, அமிலங்களைத் தாமே வடித்துச் சுத்திகரித்து, தூசு புகாத அறை ஒன்றை அமைத்துக்கொண்டார். 1956இல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று அறிவித்தபோது அந்தப் போராட்டத்தின் பாதிதான் முடிந்திருந்தது. தம் வெற்று மாதிரியில் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடல் நீரையும் பனியையும் அளந்து, அது பெட்ரோலில் கலந்த ஈயம் உள்ளிட்ட தொழில்துறை ஈயம் என்று 1965இல் எழுதினார். அந்தப் பெட்ரோல் உலகின் சாலைகளிலிருந்து முழுவதுமாக மறைந்தது 2021இல்தான்.

பேட்டர்சனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, அவருக்கு முன்பு கடல் நீரில் ஈயத்தை அளந்தவர்களின் தவறு. அவர்களுடைய குப்பிகளும் அமிலங்களும் ஈயத்தைச் சேர்த்ததால், மாசுபடாத ஆழ்கடலிலும் ஈயம் ஏராளமாக இருப்பதுபோல் தெரிந்தது. இயற்கையிலேயே இவ்வளவு இருக்கிறது என்றால் மனிதன் சேர்த்தது பெரிதாகத் தோன்றாதல்லவா? அசுத்தமான ஆய்வகம் மாசை மிகைப்படுத்தும் என்றுதான் பொதுவாக நினைப்போம். அது மாசை மறைக்கவும் செய்யும்.

இனி எதிர்த்திசைப் பிழைக்கு வருகிறேன்: குப்பிக்குள் இருந்தது காணாமல் போவது. நீரில் கரைந்த உலோகங்கள் குப்பியின் சுவரில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அதனால் மாதிரி எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பெரும்பாலான உலோகங்களை ஆறு மாதம் வரை வைத்து அளக்கலாம். ஆனால் ஈயத்தைக் காப்பாற்றும் அதே அமிலம் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கெடுத்துவிடும்; அமிலத்தில் அது மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடக்கூடும். முதலாவது புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு, இரண்டாவது ஒப்பீட்டளவில் தீங்கற்றது. மொத்தக் குரோமியத்தின் அளவு சற்றும் மாறாமல், ஆபத்து மட்டும் குப்பிக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. ஆகவே அதற்குத் தனிக் குப்பி, தனிப் பாதுகாப்பு, தனிக் கெடு. பூச்சிக்கொல்லிகளுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி. எளிதில் ஆவியாகும் சேர்மங்களுக்கு ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரம்பிய சிறு குப்பி. இந்தக் கடைசி வகை மாதிரிகளோடு, திறக்கவே திறக்காத தூயநீர்க் குப்பி ஒன்றும் போய்வரும். வண்டியில் கசியும் பெட்ரோல் ஆவி மூடியைத் தாண்டி உள்ளே புகுந்ததா என்பதை அதுதான் சொல்லும்.

கரைந்துள்ள ஆக்சிஜனுக்கோ ஆய்வகம் வரை பொறுமையே கிடையாது. 1888இல் விங்க்லர் வகுத்த முறையை இன்றும் ஆற்றங்கரையிலேயே தொடங்குகிறோம். மாங்கனீசு உப்பையும் கார அயோடைடையும் சேர்த்தவுடன் படியும் பழுப்பு நிறப் படிவு ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கணக்கைப் பிறகு தரம்பார்த்து, அதாவது செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளந்து, முடிக்கலாம். இத்தனை நவீனக் கருவிகள் வந்த பிறகும் இந்த முறையின் எளிமை என்னை வியக்கவைக்கிறது.

இவ்வளவையும் கடந்துதான் மாதிரி கருவியை அடைகிறது. உலோகங்களுக்கு நாங்கள் பயன்படுத்துவது ஐ.சி.பி.–எம்.எஸ்.; பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் மாதிரியைத் தெளித்து அணுக்களை அயனிகளாக்கி, அவற்றை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் ஏமாறத் தெரியும். ஆர்செனிக்கின் நிறை எண் 75. பிளாஸ்மாவில் உள்ள ஆர்கான் 40உம், உப்பு நீரிலுள்ள குளோரின் 35உம் சேர்ந்துகொண்டால் அதுவும் 75தான். கடலோரக் கிணற்று நீரில் துளி ஆர்செனிக் இல்லாவிட்டாலும் கருவி இருப்பதாகக் காட்டும். தூய நீரால் செய்த வெற்று மாதிரியும் இங்கே உதவாது, ஏனெனில் அதில் உப்பு இல்லை. அதனால் நிறை 77ஐயும் பார்ப்போம். குளோரினில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு 37 நிறையுள்ளது என்பதால், பொய் ஆர்செனிக்குக்கு அங்கே ஒரு நிழல் விழும். இன்றைய கருவிகளில் அயனிகளின் பாதையில் ஹீலியம் நிரப்பிய ஒரு சிறு அறை உண்டு. அணு அயனியைவிடப் பருமனான மூலக்கூறு அயனி அங்கே அதிகம் மோதி, ஆற்றலை இழந்து, கடக்க முடியாமல் நின்றுவிடும்.

பீஃபாஸ் சோதனையில் கருவியே மாசின் மூலம். சேர்மங்களைத் தனித்தனியே பிரிக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவியின் குழாய்களிலும் அடைப்புகளிலும், புளோரின் கொண்ட பிளாஸ்டிக்கான டெஃப்லான் இருக்கும். அதிலிருந்து கசியும் சேர்மங்கள் தேடும் பொருளோடு கலந்துவிடும். மாதிரியைச் செலுத்தும் இடத்துக்கு முன்பே ஒரு கூடுதல் நிரலை, அதாவது சேர்மங்களைப் பிடித்துத் தாமதப்படுத்தும் குழாயை, பொருத்துவது இதற்குக் கண்ட தீர்வு. கருவியிலிருந்து கசிந்தவை அதில் சிக்கித் தாமதமாக வெளிவரும். மாதிரியில் இருந்தவை முந்திவிடும். கருவியின் வரைபடத்தில் ஒரே சேர்மத்துக்கு இரண்டு பீக்குகள், அதாவது முகடுகள், வரும், எது யாருடையது என்பதை வந்த நேரமே காட்டிக்கொடுக்கும்.

காலிக் குப்பி நம்மைச் சந்தேகப்பட வைப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. 1960களில் சுவீடனின் சோரன் ஜென்சன், மீன்களிலும் கழுகுகளிலும் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணரி அப்போது வாயு நிறப்பிரிகைக் கருவிகளில் வந்துவிட்டிருந்தது. குளோரின் சேர்மங்களுக்கு அது அசாத்தியமான மோப்ப சக்தி கொண்டது. ஜென்சனின் வரைபடங்களில் டி.டி.டி.யின் பீக்கைச் சுற்றிப் பெயர் தெரியாத பல பீக்குகள் வந்தன. கரைப்பானின் அழுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். நானாக இருந்தால் ஒதுக்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன். அவரோ அருங்காட்சியகத்துக் கழுகு இறகுகளைச் சோதித்தார், டி.டி.டி. பரவலாவதற்கு முன், 1944இல் சேகரித்த இறகிலேயே அவை இருந்தன. தம் குடும்பத்தாரின் தலைமுடியிலும் இருந்தன. அவை மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. சேர்மங்கள் என்று 1966இல் வெளியானது. அவை தம் கரைப்பானிலிருந்து வரவில்லை என்ற உறுதி இருந்தவருக்குத்தான் அந்தப் பீக்குகளை நம்பும் துணிச்சலும் வந்திருக்கும்.

அறிக்கையில் வரும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லும் இந்தக் குப்பியிலிருந்தே பிறக்கிறது. வெற்று மாதிரியைப் பல முறை அளந்தால் எண்கள் சற்றே அலையும். அந்த அலைவின் திட்டவிலக்கத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்குக்குக் கீழே உள்ள எதையும் இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்கு ‘இல்லை’ என்று பொருளல்ல. ஓர் ஆய்வகத்தின் கண்டறியும் வரம்பு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்றால், 10 மைக்ரோகிராம் வரம்புள்ள ஈயத்துக்கு அது தரும் ‘கண்டறியப்படவில்லை’ வெறும் காகிதம்தான். இப்படிப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். கருவி நன்றாகவே இருந்தது, பொருத்தமற்றதாக இருந்தது அவ்வளவே.

அதேபோல் 9 என்று ஓர் ஆய்வகமும் 11 என்று மற்றோர் ஆய்வகமும் சொன்னால், ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வில்லியம் ஹார்விட்ஸ் ஏராளமான ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட்டு 1980இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற செறிவில் ஆய்வகங்களுக்கிடையே 16 சதவீத விலகலும், நூறு கோடியில் ஒரு பங்கு என்ற செறிவில் 45 சதவீத விலகலும் எதிர்பார்க்கத்தக்கவை. இன்றைய முறைகள் பல இதைவிட நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் நிச்சயமின்மை எவ்வளவு என்று சொல்லாமல் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

இப்போது இருபது மாதிரிகளுக்கு ஒரு வெற்று மாதிரி, ஓர் இரட்டை மாதிரி, தெரிந்த அளவு சேர்த்த ஒரு ஸ்பைக் என்று வைத்துக்கொள்கிறோம். அவற்றின் முடிவுகளையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தாம் அனுப்பியது ஐந்து குப்பிகள்தான் என்றும், அறிக்கையில் ஆறாவதாக ஒரு குப்பியின் கணக்கு தவறுதலாக வந்துவிட்டது என்றும், அதை நீக்கித் தருமாறும் கேட்டார். அது எங்களுடைய குப்பி என்று சொல்லி, மற்ற ஐந்தையும் அதோடு ஒப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முன்பு வேறோர் இடத்திலிருந்து வாங்கிய அறிக்கையில் இந்த வரி இல்லையே என்றார்.