கல்யாண ஆல்பத்துல நம்ம நிறம் எங்க போகுது?

நம்மூர் கல்யாண ஆல்பம் எதை வேணா புரட்டிப் பாருங்க, பொண்ணு மாநிறமா இருந்தாலும் கறுப்பா இருந்தாலும் படத்துல மட்டும் ஒரே வெளுப்பு, முகம் வழவழன்னு இருக்கும், ஆனா பக்கத்துலயே மருதாணி வச்ச கை வேற நிறத்துல இருக்கும். பாத்தாலே கோவமா வருது. பரு நாலு நாள்ல போயிடும், அதை ஹீலிங் பிரஷ் (படத்தை எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல புள்ளியை மறைக்கிற கருவி) வச்சு எடுத்தா தப்பே இல்ல. ஆனா மச்சம், அம்மைத் தழும்பு, சிரிச்சா கண்ணோரம் விழற சுருக்கம் இதெல்லாம் அந்த ஆளோடது, அதுல ஏன் கை வைக்கணும்? தோலை மொத்தமா பிளர் பண்ணா துளைகளும் சேர்ந்து அழிஞ்சிடும், அதனாலதான் மெழுகு பொம்மை மாதிரி தெரியுது.

ஃபிரான்ஸ்ல 2017 அக்டோபர்ல இருந்து விளம்பரப் படத்துல மாடலோட உடம்பை ஒல்லியாவோ குண்டாவோ காட்ட எடிட் பண்ணா, ரீடச் பண்ண படம்னு போட்டே ஆகணும், இல்லன்னா 37,500 யூரோ அபராதம். நிறத்தை மாத்தறதைப் பத்தி அந்தச் சட்டத்துல பேச்சே இல்ல, ஆனா நமக்கு முக்கியம் நிறம்தான்.

ஸ்டுடியோக்காரங்களே, எடிட் பண்ண உக்கார்றதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அவங்க மாமியார்கிட்ட இல்ல.